கணக்கில் வராத கல்யாணம்

தேர்வு முடிந்து பயிற்சிக் கார்கள் ஒவ்வொன்றாக வரிசைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. தகரக் கூரைக்கு அடியில் நான் என் தண்ணீர்ப் புட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். என் மாணவர் தியாகு கையில் தேர்வுத் தாளுடன் வெயிலில் நின்றார்.

“பாஸ், சிக்கு!”

“தெரியும். மேட்டுல காடி பின்னால உருளாம நின்னுச்சே, அப்பவே தெரியும்.”

மூன்றாவது முயற்சி. முதல் இரண்டு முறையும் மேட்டில் கார் பின்னால் உருண்டு தோற்றுப்போனவர். நெற்றி வியர்வை மூக்கு நுனி வரை வந்திருந்தது. தாளை நான்காக மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார்.

“அடுத்த சனிக்கிழம பசியாறப் போலாமா?”

“எதுக்கு? பாஸ் ஆனதுக்கா?”

“அதுக்கில்ல. பழகிப் பாக்கலாமான்னு கேக்கறேன்.”

அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. இவ்வளவு நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை. “வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க” என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். கடைசியில், “யோசிச்சுச் சொல்றேன்” என்றேன்.

யோசிக்க ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. தியாகு விவாகரத்தானவர்.

மேட்டில் நிற்காத காடி

போன வாரம் இந்தப் பத்தியில், கண்ணாடியில் பொட்டைச் சரிபார்த்துக்கொண்டே மரத்தில் மோதிய ஒரு மாணவியைப் பற்றி எழுதியிருந்தேன். அவரே படித்துவிட்டுக் கூப்பிட்டார். மோதியது மரத்தில் இல்லையாம், வேலியிலாம். திருத்திக்கொள்கிறேன். பொட்டு கோணலாக இருந்தது என்பதில் மாற்றமில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘சிக்கு’ என்றால் தலைமுடிச் சிக்கு இல்லை. ஆசிரியருக்கு மலாயில் சொல்லும் பெயர். கூலாயில் என்னிடம் கார் ஓட்டக் கற்ற மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோருக்கும் நான் சிக்கு ராஜிதான். ராஜேஸ்வரி என்ற முழுப்பெயர் என் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

என்னிடம் வருவதில் பாதிப் பேர் பள்ளி முடித்த பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில் நாற்பதை நெருங்கிய தியாகு, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, சிங்கப்பூர்க் கிடங்கு வேலைக்குப் போடும் கனமான சப்பாத்தோடு வந்து நின்றார். அந்தச் சப்பாத்தோடு கிளட்ச் மிதித்தால் கால் உணருமா? முதல் நாளே ஏசினேன்.

“இத்தன வருஷம் காடி லைசன் எடுக்காம என்ன பண்ணீங்க?”

“மோட்டார் சைக்கிள்லதான் போய்ட்டு வந்துட்டிருந்தேன் சிக்கு. இப்ப எனக்கு டிவோர்ஸ் ஆயிடுச்சு. மக அவங்க அம்மாகூட சிகாமட்ல இருக்கு. மழையில மோட்டார்ல ஏத்திட்டுப் போகக் கூடாதுன்னு அவங்க அம்மா சொல்லிட்டாங்க. சரிதானே?”

நான் திரும்பிப் பார்த்தேன். இடது பக்க இருக்கையில் பதினைந்து வருஷம் உட்கார்ந்தவள் நான். ஸ்டீரிங் பிடித்த மனிதர்கள் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசுவதால் மனதில் உள்ளதெல்லாம் வந்துவிடும். முகம் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? பிரிந்துபோன மனைவியைப் பற்றி இந்தக் காரில் நான் கேட்ட வார்த்தைகளை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அச்சிட மாட்டார். பிரிந்த மனைவி சொன்னதைச் சரி என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

இரண்டாம் முறை தோற்றபோதும் அப்படித்தான். வழக்கமாக எல்லோரும் அதிகாரி கெட்டவர், கார் கெட்டது, மேடு கெட்டது என்பார்கள். தியாகு, “நான்தான் அவசரப்பட்டுட்டேன் சிக்கு, காடி மேல தப்பில்ல” என்றார். அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் அந்த ஆளையே நினைத்துக்கொண்டு போய், திரும்ப வேண்டிய சந்து முனையைத் தாண்டிவிட்டேன். சந்து முனையைத் தாண்டுவது என் மாணவர்கள் செய்யும் வேலை, நான் செய்வதில்லை.

அம்மாவின் தீர்ப்பு

நானும் அம்மாவும் மட்டும்தான் வீட்டில். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே தவறிவிட்டார். அம்மா ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் செய்தார். நாள் முழுக்கச் சமைத்துவிட்டு வந்து, வீட்டிலும் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளுவார். அன்றும் கிள்ளிக்கொண்டிருந்தார்.

“யாரு, அந்த மேட்டுல நிக்காத ஆளா?” என்றார். என் மாணவர்கள் எல்லோரையும் அம்மா அவர்கள் செய்யும் தப்பை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தார்.

“இப்ப நிக்கிறாரு. சனிக்கிழம பசியாறக் கூப்பிட்டாரு.”

“போய்ட்டு வாயேன். சாப்பிடத்தானே.”

“பழகிப் பாக்கலாமான்னு கேட்டாரும்மா.”

அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவ்வளவு வேகமாக வந்தது. எத்தனை ஜாதகம் கொடுத்துத் திரும்பி வந்திருக்கிறது அந்த வீட்டில்!

“டிவோர்ஸ் ஆனவரு. ஒம்பது வயசுல ஒரு பொண்ணு இருக்கு” என்றேன்.

வெளிச்சம் போய்விட்டது.

“வேணாம்.”

“ஏம்மா?”

“ஒரு தடவ வேணாம்னு வந்தவருக்கு ரெண்டாவது தடவ வர எவ்ளோ நேரமாகும்? ஒனக்கு இது முத கல்யாணம் ராஜி. முத கல்யாணத்துக்கு முத மாப்பிள்ளைதான் பாக்கணும்.”

நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா பழைய காலத்து ஆள், நான் புதுக் காலத்துப் பெண் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது உண்மையில்லை. என் மனதிலும் அதே கேள்விகள்தான். ஏன் பிரிந்தார்? அடித்தாரா? குடித்தாரா? இவ்வளவு நல்லவர் என்றால் அந்தப் பெண் ஏன் விட்டுவிட்டுப் போனாள்? அம்மா ஒரு காரணம்தான் சொன்னார். நான் ராத்திரி சாப்பாட்டுக்குள் ஆறு காரணம் சேர்த்துவிட்டேன்.

இருந்தாலும் போனேன். கேட்காமல் ஒருவரைத் தோற்கடிக்கக் கூடாது இல்லையா? அதிகாரிகள்கூடக் காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதானே மதிப்பெண் போடுகிறார்கள்.

தோசைக் கடையில் விசாரணை

சந்தைக்கு எதிரே உள்ள கடை. விசிறி தலைக்கு மேல் கடகடவென்று சுற்றியது. தியாகு எனக்கு முன்பே வந்து, விசிறிக்கு நேராக இருந்த நாற்காலியை எனக்காக விட்டிருந்தார். தோசை வருவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

“ஏன் பிரிஞ்சீங்க?”

அவர் தே தாரிக் தேநீரை நகர்த்தி வைத்தார். “விடியறதுக்கு முன்ன கெளம்பிடுவேன். இருட்டினதுக்கு அப்புறம் வருவேன். ஏழு வருஷம். சம்பளம் குடுத்தா போதும்னு நெனச்சேன். வீட்ல ஒருத்தங்க பேச ஆளில்லாம காத்திருக்காங்கன்னு தெரியல. ஒரு நாளு அவங்க பேசறத நிறுத்திட்டாங்க. அது எனக்குப் புரியவே ரெண்டு மாசமாச்சு.”

“அடிச்சீங்களா?”

“இல்ல சிக்கு.”

“குடி?”

“தீபாவளிக்கு. இப்ப அதுவும் கெடையாது.”

“வேற பொம்பள?”

“அதுக்கு எங்க நேரம்?”

எனக்குச் சிரிப்பு வந்து சட்னி மூக்கில் ஏறியது. இருமி முடிக்கும் வரை அவர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, இந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது. மேற்கொண்டு விசாரிக்க ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவர் கேட்டார்.

“நீங்க ஏன் கல்யாணம் பண்ணிக்கல?”

“அமையல.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்ல.”

தடுமாறாமல் வந்தது பதில். பல வருஷமாகச் சொல்லிப் பழகிய பதில்.

தியாகு தோசையைப் பிய்த்தார். “அப்ப கஷ்டம்லா. ஒங்க வீட்ல முத கல்யாணமாதான் பாப்பாங்க. அவங்களத் தப்பு சொல்ல முடியாது. ஒங்களுக்கு நான் கம்மிதான் சிக்கு. நல்லா யோசிங்க. வேணாம்னு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. ஏனென்றால் அந்த ஒரு நிமிஷம் எனக்கு நன்றாக இருந்தது. ஒருவர் எனக்கு முன்னால் உட்கார்ந்து, நீ உயர்ந்தவள், நான் தாழ்ந்தவன் என்கிறார். நானும் ஆமாம் என்று கேட்டுக்கொண்டேன்.

பதிவு அலுவலகம், காலை பதினோரு மணி

இதை எழுத அம்மாவிடமும் தியாகுவிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். அதனால் சொல்கிறேன். அன்று தோசைக் கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருமே விவாகரத்தானவர்கள்.

எனக்கு இருபத்தைந்து வயதில் ரெங்கத்தைச் சேர்ந்த சேகருடன் நிச்சயமானது. கோயில் கல்யாணத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது. அதற்கு முன்பே பதிவு செய்துகொண்டோம். எங்கள் ஊர்களில் இது சாதாரணம். பதிவு ஒரு நாள், தாலி இன்னொரு நாள். நடுவில் ஆறு மாதமும் ஓடும், ஒரு வருஷமும் ஓடும். சட்டத்துக்கு அன்றைக்கே நாங்கள் புருஷன் பெண்டாட்டி. வீட்டுக்கு மட்டும் இன்னும் நிச்சயமான பெண்ணும் பையனும்தான். கையெழுத்துப் போட்ட கையோடு அவரவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

எங்களுக்கு அவசரம் வேறு. மலிவு விலை வீட்டுக்கு மனு போட்டிருந்தோம். கல்யாணச் சான்றிதழ் இருந்தால் சீக்கிரம் கிடைக்கும் என்றார்கள். ஒரு வேலை நாளில் குளுவாங் போய், பதினோரு மணிக்குக் கையெழுத்துப் போட்டோம். வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டோம். சேகர் என்னையும் அம்மாவையும் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். மறுநாள் நான் வழக்கம்போல் மேட்டில் நின்று ஏசிக்கொண்டிருந்தேன்.

தாலி கட்ட இரண்டு மாதம் இருக்கும்போது சேகரின் அப்பா இறந்துவிட்டார். ஒரு வருஷம் நல்ல காரியம் கூடாது என்று தள்ளிப் போட்டார்கள். அந்த ஒரு வருஷத்தில் சேகர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனார். தினமும் வந்த அழைப்பு வாரத்துக்கு ஒன்றானது. பிறகு நான் கூப்பிட்டால்தான் என்றானது. வேறு பெண் இல்லை, சண்டையும் இல்லை. ஒரு நாள் தொலைபேசியில், “எனக்கு மனசு வரல ராஜி” என்றார். அவ்வளவுதான்.

ஆனால் சட்டத்துக்கு அவ்வளவு இல்லை. பதிவு செய்து இரண்டு வருஷமாவது ஆனால்தான் பிரிய மனுப் போட முடியும் என்றார் வக்கீல். காத்திருந்தோம். ஜொகூர் பாரு நீதிமன்றத்துக்குப் போகும் நாளில், பஸ்ஸை நம்ப முடியாது என்று சேகரே வந்து என்னை ஏற்றிக்கொண்டார். விவாகரத்து வாங்கப் போன புருஷனும் பெண்டாட்டியும் ஒரே காரில், வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனோம். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். உள்ளே சில கேள்விகள் கேட்டார்கள். சேர்ந்து வாழ்ந்தீர்களா என்றதற்கு இல்லை என்றோம். சீக்கிரமே முடிந்துவிட்டது. “பசிக்குதா?” என்று கேட்டார் சேகர். இல்லை என்றேன். எங்கள் சந்து முனையில் இறக்கிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அம்மா சாம்பாரும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் செய்து வைத்திருந்தார். “கை கழுவிட்டு வா” என்றார். தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார்: “அது ஒரு பேப்பரு. தாலி ஏறல. யாரு கேட்டாலும் ஒனக்கு முத கல்யாணம்தான். அது கணக்குல வராது.”

சொந்தத்தில் யாருக்கும் தெரியாது. பதிவு செய்ததையே பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நிச்சயம் நின்றுபோனது என்று மட்டும் செய்தி போனது. நானும் அதையே சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் எனக்கே அது உண்மையாகிவிட்டது.

அம்மாவின் கையெழுத்து

தோசைக் கடையிலிருந்து திரும்பியதும் அம்மாவிடம் சொன்னேன்.

“அவருகிட்ட பொய் சொல்லிட்டேன்மா. எனக்கு ஒண்ணும் நடக்கலன்னு.”

“அது பொய்யில்லையே.”

“நானும் டிவோர்ஸ் ஆனவதாம்மா. அவரு மட்டும் எனக்குக் கம்மியா?”

“வாய மூடு ராஜி.”

அம்மா என்னை அப்படிச் சொல்வது அரிது. காய வைத்திருந்த துணியை எடுக்கப் போவதுபோல் வெளியே போனார். ஒரு துணியும் எடுக்காமல் திரும்பி வந்தார்.

“சொல்லப் போறியா?”

“சொல்லாம எப்படிப் பழகறது? நாளைக்குப் பதிவு பண்ணப் போனா அந்தப் பேப்பரக் காட்டித்தானே ஆகணும்.”

“சொன்னா, யாரு சாட்சிக் கையெழுத்துப் போட்டாங்கன்னு கேப்பாரு.”

“அத யாரும்மா கேப்பாங்க?”

“நான்தானே போட்டேன்.” அம்மாவின் குரல் ஏறியது. “நீ அன்னிக்கே வேணாம்னுதான் சொன்ன. கோயில் கல்யாணம் முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்ன. வீடு போயிடும், வீடு போயிடும்னு ஒத்தக் கால்ல நின்னது நான். என் சீலைய நல்லாக் கட்டிக்கிட்டு வந்து கையெழுத்துப் போட்டேன். அந்த வீடும் வரல.”

அன்று வேண்டாம் என்று சொன்னது எனக்கு நினைவிலேயே இல்லை. அம்மாதான் அதை இத்தனை வருஷமாக ஒரு நாளும் மறக்காமல் வைத்திருக்கிறார். கணக்கில் வராது, கணக்கில் வராது என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. தனக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கணக்கில் வந்துவிட்டால் அது அவர் கையெழுத்தாகிவிடும்.

“அம்மா, அதுக்காக ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.”

“சொல்லணும்னா சொல்லிக்க” என்றார். “என்னப் பத்தி மட்டும் சொல்லாத.”

லாபிஸ் போகும் சாலை

தியாகு பழைய சிறிய கார் ஒன்று வாங்கினார். ஒரு நாள் கூப்பிட்டார். மகளை அழைத்து வர முதன்முறையாகச் சிகாமட் வரை ஓட்டப் போகிறார். “இவ்ளோ தூரம் நீங்க பக்கத்துல இல்லாம ஓட்டினதில்ல சிக்கு. கூட வர முடியுமா? அந்த விஷயத்துக்குப் பதில் சொல்லணும்னு இல்ல. ரோட்டுக்கு மட்டும்.”

சனிக்கிழமைதான் எங்களுக்கு வேலை அதிகம். அன்றைக்கு விடுப்புக் கேட்டதும் பயிற்சி நிலையத்தில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நெடுஞ்சாலை வேண்டாம், பழைய சாலையில் போவோம் என்றார். செடெனாக், ஆயர் ஈத்தாம், யோங் பெங் என்று மெதுவாகப் போனோம். யோங் பெங் தாண்டி லாபிஸ் சாலையில் ஏறியதும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள். முன்னால் பழம் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்தது. தாண்டுவதற்கு இடம் இருந்தும் தியாகு பொறுமையாகப் பின்னாலேயே போனார். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

“அங்க ப்ரேக் இல்ல சிக்கு.”

“பழக்கம்.”

அவர் சிரித்தார். லாரியின் பின்னால் தொங்கிய சிவப்புத் துணியைப் பார்த்துக்கொண்டு நான் சொன்னேன்.

“அன்னிக்கு கடையில சொன்னது பொய். எனக்கும் டிவோர்ஸ் ஆயிருக்கு.”

தியாகு கண்ணாடியைப் பார்த்தார், விளக்குப் போட்டார், ஓரமாக மூடிக் கிடந்த ஒரு பழக்கடை முன்னால் நிறுத்தினார். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த வரிசையில். ஹேண்ட்பிரேக்கை இழுத்த பிறகு, “சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். குளுவாங், வாழை இலைச் சாப்பாடு, தள்ளிப்போன கல்யாணம், ஒரே காரில் நீதிமன்றம். சாட்சிக் கையெழுத்தை மட்டும் விட்டுவிட்டேன். சொல்லி முடித்து, ஏன் மறைத்தாய் என்ற கேள்விக்கு மனதில் பதிலைத் தயார் செய்துகொண்டேன்.

“பொய் சொன்னதுக்கு எனக்குக் கோவம் இருக்கு” என்றார் தியாகு. “நான் கம்மின்னு சொன்னப்ப நீங்க தலையாட்டினீங்க. அது வலிக்குது.”

“மன்னிச்சிருங்க.”

“அந்தக் கோவத்த அப்புறமா பட்டுக்கறேன். அன்னிக்கு கோர்ட்ல இருந்து வந்தப்ப வீட்ல யாரு இருந்தாங்க?”

நான் எதிர்பார்த்த கேள்வி இது இல்லை. “அம்மா” என்றேன்.

“வேற?”

“வேற யாருக்கும் தெரியாதே.”

“அப்ப யாருமே வந்து ஒரு வார்த்த கேக்கலயா?”

“என்ன கேப்பாங்க? ஒண்ணும் நடக்கலயே.”

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். “எனக்கு ஆனப்ப சித்தி வந்து ஒரு வாரம் தங்கினாங்க சிக்கு. சமைச்சுப் போட்டாங்க, ஏசினாங்க, கூட உக்காந்து அழுதாங்க. கூட்டாளிங்க வந்து என்ன செய்யறதுன்னு தெரியாம என் மோட்டாரக் கழுவி வச்சானுங்க. அத்தன பேரு இருந்தும் நான் எந்திரிக்க ஒரு வருஷமாச்சு. நீங்க எப்ப வேலைக்குப் போனீங்க?”

“மறுநாளு. எட்டு பாடம் இருந்துச்சு.”

“அலமாக், ஐயோ” என்றார் மெதுவாக. “அது கல்யாணம்தான் சிக்கு. ஒடஞ்சதும் நெசந்தான்.”

நான் அழுதேன். பத்து வருஷத்துக்கு முன்னால், சந்து முனையில் சேகர் இறக்கிவிட்டுப் போனபோது வந்திருக்க வேண்டிய அழுகை. சத்தம் போட்டு, மூக்குச் சிந்தி, கொஞ்சமும் அழகில்லாமல் அழுதேன். தியாகு என்னைத் தொடவில்லை. நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டார். பிறகு கைப்பேசியை எடுத்துச் சிகாமட்டுக்குக் கூப்பிட்டார்.

“கொஞ்சம் லேட்டாகும்... இல்ல, காடி நல்லாதான் இருக்கு. கூட வந்தவங்களுக்கு மனசு சரியில்ல, உக்காந்திருக்கோம்.” அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “அவசரம் வேணாமாம். பிள்ளைக்குப் பசியாறக் குடுத்துட்டாங்களாம்.”

பதினொன்றரைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த தியாகுவின் மகள் யாழினி என் வீங்கிய கண்ணைப் பார்த்தாள். “நீங்கதான் ஏசற சிக்குவா?” என்றாள். ஆமாம் என்றேன். பின்னால் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு, “அப்பாவ இப்பவும் ஏசுங்க, நான் பாக்கணும்” என்றாள். மூன்று இடத்தில் ஏசினேன். ஒன்றுக்குத்தான் உண்மையான காரணம் இருந்தது.

நெத்திலிச் சட்டி

மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையலறையில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் திரும்பவில்லை.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“என்னப் பத்தி?”

“சொல்லல.”

சட்டியைத் தேய்க்கும் சத்தம் கொஞ்சம் தளர்ந்தது. “என்ன சொன்னாரு? ஏமாத்திட்டோம்னு சொன்னாரா?”

“பொய் சொன்னதுக்குக் கோவப்பட்டாரு. அப்புறம், அன்னிக்கு எனக்கு ஆறுதல் சொல்ல யாருமே வரலயான்னு கேட்டாரு.”

அம்மா குழாயை மூடினார்.

“நீ என்ன சொன்ன?”

“யாரும் வரலன்னு சொன்னேன்.”

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“நானும் வரல, இல்ல?”

அம்மா இன்னொரு நாற்காலியை இழுத்து என் முட்டியோடு முட்டி இடிக்கும்படி உட்கார்ந்தார். என் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் கையில் பாத்திரச் சோப்பும் நெத்திலியும் கலந்து வாசம் அடித்தது.

“சாப்பிட்டியா அன்னிக்கு?” என்றார். “சாம்பாரு வச்சேன். நீ சாப்பிட்டியான்னுகூட நான் பாக்கல ராஜி. ஒன் மொகத்தப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல.”

“சாப்பிட்டேன்மா.”

“பொய் சொல்லாத.”

“சாப்பிடல.”

அம்மா அழ ஆரம்பித்தார். காலையிலேயே எல்லாம் அழுது தீர்த்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, எனக்கு இன்னும் மீதம் இருந்தது. வெளியே பக்கத்து வீட்டுக்காரர் கார் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்தவில்லை.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“அந்தப் பிள்ளைக்குக் கொழம்புல ஒறப்பு ஆகுமா?”

“எந்தப் பிள்ளைக்கு?”

“அவரு மகளுக்குத்தான். அடுத்த சனிக்கிழம ரெண்டு பேரையும் சாப்பிட வரச் சொல்லு.”